மெட்ராஸ் ஐயும் ஜொய் பாங்ளாவும்: அயல்நாட்டுத் தேர்தல்களைப் பார்த்த நம் கண்கள்

தமிழ்நாட்டில் கண் சிவந்து நீர் வடிந்தால் 'மெட்ராஸ் ஐ' என்கிறோம். இங்கே கொல்கத்தாவில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், அதே நோயை 'ஜொய் பாங்ளா' என்பார்கள். 1971ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்த காலத்தில் இந்தக் கண்நோய் நகரம் முழுதும் பரவியது. எல்லைக்கு அப்பால் முழங்கிய விடுதலைக் கோஷத்தின் பெயரையே நகரவாசிகள் நோய்க்கும் வைத்துவிட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணனும் நானும் ஒரே வாரத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தோம். பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த வகை நோய் 1969லேயே ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் பரவத் தொடங்கியிருக்கிறது. மனிதன் நிலவில் இறங்கிய சமயம் என்பதால் அங்கே அதற்கு 'அப்பல்லோ' என்று பெயராம். ஆக, நோய் ஒன்றுதான். அவரவர் கண்ணில் அப்போது எது பட்டதோ அதன் பெயரை வைத்தார்கள்.

இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் ஒரு தேர்தல் நடக்கிறது, முடிவு தகராறாகிறது. அதைப் பற்றி நம் ஊர்த் தாள்கள் எழுதுகின்றன, நாம் படித்து முடிவு கட்டுகிறோம். அப்போது நாம் பார்ப்பது அந்த நாட்டையா, நம் கண்ணில் இருக்கும் சிவப்பையா? கொல்கத்தாவில் வாழும் தமிழருக்கு இந்தக் கேள்வி இரண்டு திசையிலிருந்து வருகிறது. கிழக்கே வங்கதேசம், தெற்கே இலங்கை. இரண்டையும் வைத்து எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன். முன்பு நானே செய்த ஒரு பிழையையும் கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையில் தகராறு இல்லாத தேர்தல்

1970 டிசம்பர் 7 அன்று பாகிஸ்தானில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான், நவம்பர் 12ல், வங்கக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கி லட்சக்கணக்கான மக்கள் மாண்டிருந்தார்கள். புயல் பாதித்த தொகுதிகளில் மட்டும் வாக்குப்பதிவு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. தேசிய சபைக்கு நேரடித் தேர்தல் நடந்த இடங்கள் 300. கிழக்கில் இருந்த 162ல் 160 இடங்களை ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் பிடித்தது. மேற்கில் இருந்த 138ல் பூட்டோவின் மக்கள் கட்சிக்கு 81. பெண்களுக்கான இடங்களையும் சேர்த்து 313 பேர் கொண்ட சபையில் அவாமி லீகுக்கு 167, தனிப் பெரும்பான்மை.

எண்ணிக்கை தவறு என்று எவரும் பெரிதாகச் சொல்லவில்லை. எண்ணி முடித்ததை ஏற்க மனம் வராததுதான் தகராறு. 1971 மார்ச் 3ல் கூடவேண்டிய சபையை மார்ச் 1 அன்று யாஹியா கான் ஒத்திவைத்தார். மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. 'இத்தெஃபாக்' என்ற வங்க நாளிதழின் அலுவலகமும் தீக்கிரையானது. வெளிநாட்டு நிருபர்களை இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் அடைத்து வைத்து, பிறகு நாட்டைவிட்டே அனுப்பினார்கள். ஒளிந்து தங்கிய சைமன் டிரிங் வெளியே வந்து எழுதியது மார்ச் 30 அன்று லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' இதழில் வந்தது.

இனி பாகிஸ்தான் தாள்களைப் பாருங்கள். ஏப்ரலில் ராணுவமே எட்டுப் பத்திரிகையாளர்களைக் கிழக்குப் பகுதிக்கு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டியது. ஏழு பேர் ராணுவம் விரும்பியபடி எழுதினார்கள். எட்டாவது ஆள், கராச்சி 'மார்னிங் நியூஸ்' இதழின் உதவி ஆசிரியர் ஆன்டனி மாஸ்கரனாஸ். குடும்பத்தை முதலில் நாட்டைவிட்டு வெளியேற்றினார், பிறகு தானும் லண்டன் போய்ச் சேர்ந்தார். கண்ணால் கண்டதை 1971 ஜூன் 13 'சண்டே டைம்ஸ்' இதழில் எழுதினார். எட்டுப் பேரும் ஒரே சாலையில்தான் போனார்கள். ஏழு பேருக்குக் கண் இல்லாமலா போயிற்று? எழுதினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில் இன்னொரு கூத்தும் நடந்தது. அவாமி லீக் வென்ற இடங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை காலி என்று அறிவித்து, இடைத்தேர்தல் என்ற பெயரில் பலரைப் போட்டியின்றியே தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் போட்ட ஓட்டை அழித்துவிட்டு, ஓட்டே போடாத தேர்தலை மக்களாட்சி என்று சொன்னார்கள்.

கல்கத்தாவின் கண்

லேக் மார்க்கெட் பக்கம் அப்பா ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். காப்பித்தூள், அப்பளம், துவரம்பருப்பு என்று நம்மவர்களுக்கு வேண்டிய சரக்கு. கடைக்கு வங்காளத் தாள் ஒன்றும் ஆங்கிலத் தாள் ஒன்றும் வரும். 1971ல் அந்தத் தாளைப் படிக்கவே கடை வாசலில் கூட்டம் நிற்கும். மாலையில் ஆகாசவாணியில் தேவ்துலால் பந்தோபாத்யாய் செய்தி வாசித்தால் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். மே மாதத்திலிருந்து சுதந்திர வங்க வானொலியும் இதே நகரின் பாலிகஞ்சிலிருந்து ஒலிபரப்பானது. எல்லைக்கு அந்தப் பக்கம் செய்தி சேகரிக்கப் போன கல்கத்தா இளம் நிருபர்கள் இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை. இந்த நகரின் பத்திரிகைக்காரர்கள் அன்று உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள் என்பதை முதலில் பணிவோடு சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே சமயம் நடந்த தவறுகளையும் சொல்ல வேண்டும். ராணுவத் தளபதி டிக்கா கான் டாக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று மார்ச் கடைசியில் இந்தியத் தாள்களில் செய்தி வந்தது. 'செத்துப்போன' அந்த டிக்கா கான் மறு ஆண்டு பாகிஸ்தான் தரைப்படைத் தலைவரானார், 2002ல்தான் காலமானார். முஜிபுர் ரகுமான் பிடிபடவில்லை, மறைந்திருந்து போராட்டத்தை நடத்துகிறார் என்றும் செய்தி வந்தது. உண்மையில் முதல் இரவிலேயே அவரைக் கைது செய்துவிட்டார்கள். கராச்சி விமான நிலையத்தில் போலீஸ் காவலில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் ஏப்ரலில் வெளிவந்த பிறகுதான் பலர் நம்பினார்கள்.

ஏன் அப்படி எழுதினார்கள்? பொய் சொல்லவேண்டும் என்றில்லை. அப்படி நடந்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை. ஆசை கண்ணை மறைத்தது. அப்பா ஒரு நாள் என்னிடம் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "பேப்பர்காரனும் நம்மள மாதிரி ஒரு கடைதான்டா வெச்சிருக்கான். சரக்கப் பாரு, அவன் தராசையும் பாரு."

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கல்கத்தாத் தாள்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, கராச்சித் தாள்களும் சாய்ந்திருந்தன. அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடலாமா? கூடாது. தேர்தலில் வென்றவர்களை ஒடுக்குகிறார்கள், சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக வந்திருக்கிறார்கள் என்ற அடிப்படை விஷயத்தில் கல்கத்தா எழுதியது உண்மை, கராச்சி எழுதியது பொய். சாய்ந்த தராசிலும் சில சமயம் சரியான எடை விழும். சாய்வு வேறு, பொய் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்தான் 'எல்லா பேப்பரும் பொய்' என்று கையை உதறிவிட்டுப் போகிறார்.

வாசலில் நடந்த தேர்தல்

வங்கதேசம் பிறந்த மூன்றே மாதத்தில், 1972 மார்ச்சில், மேற்கு வங்காளச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. 280 இடங்களில் காங்கிரசுக்கு 216. முந்தைய ஆண்டு நூறு இடங்களுக்கு மேல் வென்றிருந்த மார்க்சிஸ்ட் கட்சிக்கு 14. பாராநகரில் ஜோதிபாசுவே தோற்றார். தேர்தலே மோசடி என்று சொல்லி அந்தக் கட்சி சட்டமன்றத்தைப் புறக்கணித்தது. இன்றைக்கும் இந்த ஊரில் அந்தத் தேர்தலைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு கதை சொல்வார்கள். காங்கிரஸ் சார்புத் தாளைப் படித்து வளர்ந்தவருக்கு அது மக்கள் தீர்ப்பு, கட்சித் தாளைப் படித்து வளர்ந்தவருக்கு அது துப்பாக்கி முனைத் தேர்தல்.

எல்லைக்கு அப்பால் ஓட்டுக்கு நேர்ந்த அநீதியை ஒரே குரலில் கண்டித்த நகரம், தன் வாசலில் நடந்ததைப் பற்றி இன்னும் ஒரு கணக்குக்கு வரவில்லை. தூரத்து மலை தெளிவாகத் தெரிகிறது, காலடி மேடு தெரிவதில்லை.

தெற்கே நம் சொந்தக் கதை

வங்காளிகளைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் பேசுவதுதான் நியாயம்.

1981 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாள் முன்பு, மே 31 இரவில் தொடங்கிய வெறியாட்டத்தில், யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97 ஆயிரம் நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் எரிந்தது. தேர்தலில் சில வாக்குப்பெட்டிகள் காணாமற் போயின. அப்படியும் தமிழர் விடுதலைக் கூட்டணியே வென்றது. கொழும்பின் பெரிய தாள்கள் நூலக எரிப்பைப் பற்றி உரிய நேரத்தில் பேசவில்லை என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அங்கே 'லேக் ஹவுஸ்' என்ற மிகப் பெரிய பத்திரிகை நிறுவனம் 1973லேயே சட்டம் போட்டு அரசின் பிடிக்குள் கொண்டுவரப்பட்டிருந்தது. கல்லா யாரிடம் இருக்கிறதோ அவர் எடைக்கல்தானே?

1982 டிசம்பர் 22 அன்று இன்னொரு வேடிக்கை. 1977ல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு ஆண்டு நீட்டலாமா என்று பொதுவாக்கெடுப்பு. 'சரி' என்றால் விளக்குச் சின்னம், 'வேண்டாம்' என்றால் பானைச் சின்னம். அவசரநிலை அமலில் இருந்தது, எதிர்க்கட்சி சார்ந்த அச்சகங்கள் முத்திரையிடப்பட்டன. 54.66 சதவீதம் விளக்குக்கு விழுந்ததாக அறிவித்தார்கள். யாழ்ப்பாணம் பானைக்கே பெருவாரியாகப் போட்டது. இன்று நம்மவர்களிடம் 1981 என்றால் நூலகம் நினைவுக்கு வருகிறது, 1983 என்றால் கலவரம் நினைவுக்கு வருகிறது. இடையில் ஓட்டுப்பெட்டிக்கு நேர்ந்தது நினைவில் இல்லை. தீயைப் பார்த்த கண்ணுக்குப் புகை தெரியவில்லை. ஓட்டின்மேல் இருந்த நம்பிக்கை எப்படிப் படிப்படியாகச் செத்தது என்பதை அறியாமல் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

நான் செய்த பிழை

இப்போது என் கணக்கு. 2005 நவம்பர் 17 அன்று இலங்கையில் அதிபர் தேர்தல். மகிந்த ராஜபக்சேவுக்கு 50.29 சதவீதம், ரணில் விக்கிரமசிங்கவுக்கு 48.43. வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் ஓட்டு. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓட்டுப் போட்டவர்கள் 1.21 சதவீதம் மட்டுமே. ஏழு லட்சம் வாக்காளர்கள் இருந்த இடத்தில் பதினாயிரம் ஓட்டுகூட விழவில்லை.

மறு ஆண்டு ஒரு சங்க மலரில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். 'தமிழ் மக்கள் ஒரே மனதாகத் தேர்தலைப் புறக்கணித்துத் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள்' என்பது அதன் சாரம். நான் படித்த தமிழ் ஏடுகள் அப்படித்தான் எழுதியிருந்தன. புலிகள் மக்களை வாக்குச்சாவடிக்குப் போகவிடாமல் தடுத்தார்கள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பார்வையாளர்கள் சொன்னது ஆங்கிலத் தாளில் வந்திருந்தது. அதையும் நான் படித்தேன். 'வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்வான்' என்று தள்ளிவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அந்த ஏழு பத்திரிகையாளர்களுக்காவது பயம் என்ற காரணம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

2011ல் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தபோது, சாவகச்சேரியிலிருந்து வந்து குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். பெருமையாக என் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, நாங்கள் வாக்குப் போடப் போகேல்லை எண்டது உண்மை. போக ஏலாமல் இருந்தது எண்டதும் உண்மைதானே? அதை ஏன் எழுதாமல் விட்டனீங்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மனப்பூர்வமாகப் புறக்கணித்தவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு வேட்பாளர்மேலும் வெறுப்பு இருந்ததும் மெய். ஆனால் ஓட்டுப் போட விரும்பியும் பயந்து வீட்டில் இருந்தவர்களின் வாயையும் சேர்த்து நான் அடைத்துவிட்டேன். யாருடைய உரிமைக்காகப் பேசுவதாக நினைத்தேனோ அவர்களையே கணக்கிலிருந்து விட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அன்று கொடுக்காத பதிலை இன்று இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்: நான் எழுதியது அரைக் கணக்கு, தவறு என்னுடையது.

அநேகாந்தம் என்ன சொல்கிறது

சமண தரிசனத்தில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. எந்தப் பொருளுக்கும் பல பக்கம், ஒருவர் பார்ப்பது ஒரு பக்கம், ஆகையால் 'ஒரு விதத்தில் இப்படி' என்ற அடக்கத்தோடு பேசு என்பது அதன் சுருக்கம். இதைச் சிலர் 'எல்லாரும் சொல்வது சரி' என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பொய்க்கும் மெய்க்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவது அநேகாந்தம் ஆகாது. 'ஓட்டுப் போடவில்லை' என்பது ஒரு பக்கம், 'போட முடியவில்லை' என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் எழுதினால்தான் பொருள் முழுமையாகும்.

நம் மூதாதையரும் இதில் குற்றமற்றவர் அல்லர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ல் பதிப்பித்த நீலகேசியை நான் பலமுறை படித்திருக்கிறேன். நீலகேசி பௌத்தர்களோடும் மற்றவர்களோடும் வாதாடி வெல்கிறாள். அது சமண நூல், ஆகவே அவள்தான் வெல்வாள். எதிர்த்தரப்பின் குண்டலகேசியோ முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிஞ்சின. தோற்றவர் என்ன சொன்னார் என்பதை வென்றவர் சொல்லித்தான் பெரும்பாலும் அறிகிறோம். இளம் வயதில் நீலகேசியைப் படித்துப் பூரித்தேன். இப்போது படிக்கும்போது, அந்த இன்னொரு நூலும் கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறேன்.

மறுபடியும் கிழக்கே

2014 ஜனவரி 5 அன்று வங்கதேசத் தேர்தலில் 300 இடங்களில் 153ல் போட்டியே இல்லை, பெரிய எதிர்க்கட்சி புறக்கணித்திருந்தது. 2018 டிசம்பர் 30 தேர்தலில் எதிரணிக்குப் பத்து இடம்கூடக் கிடைக்கவில்லை. வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே சிட்டகாங்கில் ஒரு சாவடியில் பெட்டி நிரம்பியிருந்ததைப் பி.பி.சி. நிருபர் கண்டு சொன்னார். 2024 ஜனவரித் தேர்தலையும் எதிர்க்கட்சி புறக்கணித்தது. 1970ல் மக்கள் ஓட்டை மதிக்கவில்லை என்று கொதித்தெழுந்த நாம், இந்த மூன்று முறையும் என்ன கேட்டோம்? 'இந்தியாவுக்கு யார் நல்லது?' என்பதே நம் தாள்கள் பலவற்றின் முதல் கேள்வியாக இருந்தது. அந்த மக்களின் ஓட்டு என்னாயிற்று என்பது உள்பக்கத்துக்குப் போயிற்று. ஆகவே 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியபோது இங்கே பலருக்கு அது திடீரென்று வானம் இடிந்ததுபோல இருந்தது. பத்து ஆண்டாக விரிசல் விட்ட சுவரை நாம் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

அதன் பிறகு கண் மறு பக்கம் சிவந்தது. அங்கே சிறுபான்மையினர் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டது உண்மை, வேதனையான உண்மை. அதோடு பொய்யும் கலந்து வந்தது. கிரிக்கெட் வீரர் லிட்டன் தாஸின் வீடு என்று கைபேசிகளில் பரவிய தீப்பிடித்த வீடு, உண்மையில் அவாமி லீக் எம்.பி.யாக இருந்த மஷ்ரஃபே மோர்தசாவின் வீடு. எரிந்த வீடு மெய், பெயர் பொய். அந்தப் பெயர் மாற்றத்தினால் ஒரு அரசியல் கோபம் மதக் கோபமாகிவிட்டது. அது இங்கே நம் தெருவில் வந்து என்ன செய்யும் என்று யோசியுங்கள். நம் கடையில் மூட்டை இறக்குபவர், தையற்காரர், பழக்காரர் என்று எத்தனை முஸ்லிம் வங்காளிகளோடு நாம் தினமும் புழங்குகிறோம்!

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஐம்பது வருஷம் தாள் படித்த ஒரு கடைக்காரன் உங்களிடம் கேட்பது நான்கு கேள்விகளை மட்டும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள் என்பதே. ஒன்று, எழுதுபவர் அந்த ஊரில் நின்று எழுதுகிறாரா, இங்கே உட்கார்ந்து எழுதுகிறாரா? இரண்டு, அவர் கல்லாவில் கை வைப்பவர் யார்? மூன்று, தோற்றவர் தரப்பும், ஓட்டே போட முடியாதவர் தரப்பும் அதில் இருக்கிறதா? நான்கு, தவறாக எழுதியது தெரிந்த பின் அதே தாள் திருத்தம் போட்டதா?

பிள்ளைகளுக்கு நேரம் இல்லையென்றால் மூன்றாவது கேள்வியை மட்டுமாவது சொல்லிக் கொடுங்கள். என்னை அன்று அது ஒன்றே காப்பாற்றியிருக்கும்.

மெட்ராஸ் ஐ வந்தவர் ஒரு வாரம் வீட்டில் இருப்பார், பிறர் கையைத் தொடமாட்டார், துண்டைத் தனியாக வைத்துக்கொள்வார். செய்தியைப் படித்ததும் ரத்தம் கொதித்துக் கண் சிவந்தால், நாமும் அதேபோல் ஒரு வாரம் பொறுப்போம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதை ஒட்டவைக்காமல் இருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!